சித்தப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைபேசிப் பழக்கம் பற்றி வாரம் ஒரு வகுப்பு எடுக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். 'அனுப்புமுன் யோசி' என்று பலகையில் எழுதிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். அதை எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்களுக்குள் ஒரு விளையாட்டு பரவியிருந்தது. உயிரோடிருப்பவர் படத்தை வைத்துக் 'கண்ணீர் அஞ்சலி' அட்டை செய்வது. தூத்துக்குடியில் ஒரு சாவு விழுந்தால் சுவரொட்டிக்கு முன்பே அந்த அட்டை எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் துக்கத்துக்கே கிளம்புவார்கள். செய்துதர இலவசச் செயலி இருந்தது. கணக்கு வாத்தியாருக்கே ஒருத்தி செய்தாள். பிரமாதமாக இருந்தது.

சித்தப்பாவுக்கு மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை. எப்போதும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அந்த முறை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே தோணி புறப்பட்டுவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்பாவின் கைபேசியை எடுத்து, கல்யாணப் படத்திலிருந்து சித்தப்பாவின் முகத்தை வெட்டி, கீழே 'கடலில் அகால மரணம்' என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்து, மணப்பாட்டில் இருந்த சித்தியின் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அடுத்தாற்போல் ஆறு சிரிப்பு முகங்களையும் அனுப்பினேன். சிரிப்பு முகங்கள் வருமுன்பே அட்டையை அவள் அம்மா பார்த்துவிட்டாள். படம் மட்டும் கைமாறிப் போயிற்று. சிரிப்பு முகங்கள் எங்கள் இரண்டு பேரிடமே தங்கிவிட்டன.

மறுநாள் மதியம் ஒரு வேன் நிறைய மணப்பாட்டு ஆட்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். சித்தி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏன் அழுவுதீங்க? யாருக்கு என்ன?" என்று கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அட்டையைக் காட்டினார்கள். நடுக்கடலில் தோணிக்குச் சிக்னல் கிடையாது. தோணி முதலாளி வீட்டிலோ, இன்னும் போய்ச் சேரவில்லை, சேர்ந்தால்தான் தெரியும் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பயத்தில் நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். சித்தி சுவரில் தலையை மோதுகிற சத்தம் தாங்காமல் ஓடிப்போய், "நான்தான் சித்தி செஞ்சேன், சும்மா வெளாட்டுக்கு" என்று கத்தினேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். கைபேசியை நீட்டினேன், சித்தி அதைப் பார்க்கவே இல்லை. என் கன்னத்தைத் தடவிவிட்டு, "ஏளா, எனக்காவப் பொய் சொல்லாத. நான் தாங்கிக்கிடுவேன்" என்றாள். நான் சொன்னதை நம்பியவர்களுக்கும் அழுகையை நிறுத்தத் தைரியமில்லை. தோணிதான் இன்னும் போய்ச் சேரவில்லையே!

மூன்றாம் நாள் மாலேயிலிருந்து சித்தப்பாவே பேசினார். "ஆயுசு கெட்டிலே ஒனக்கு" என்று வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தாள், சிரித்தபடியே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சித்தப்பா ஊர் திரும்பிய பின், அடுத்த நடைக்குத் தோணித் தலைவரான தண்டல் அவரை ஏற்றவில்லை. எங்கள் வாசலிலேயே நின்று சொன்னார்: "ஒனக்கு ஒப்பாரி வச்சாச்சுலே. ஒன்ன ஏத்துனா மத்தவன் ஒருத்தனும் ஏறமாட்டேங்கான். நான் என்ன செய்ய?" மற்றத் தோணிகளிலும் அதே பதில்தான். பதினாறு வயதிலிருந்து கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்தார்.

எனக்கோ கொண்டாட்டம். தினமும் காலையில் சித்தப்பா என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடற்கரைச் சாலையில் ஒருநாள், "நீங்க கடலுக்குப் போவாம இங்கனயே இருக்கது எவ்வளவு நல்லாருக்கு சித்தப்பா" என்றேன், மனப்பூர்வமாக. அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். எதிர்க்காற்று, மிதிக்க முடியவில்லை என்று சொல்லி, பள்ளிக்கூட வாசல்வரை என் பக்கம் திரும்பாமல் உருட்டிக்கொண்டே வந்தார். காற்றே இல்லையே சித்தப்பா, காற்றே இல்லையே என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே போனேன்.