சாமைச்சோற்றுப் புனிதை

எங்கள் குடும்பத்திலிருந்து திருச்சபைக்கு ஒரு கன்னியாஸ்திரி கிடைத்திருக்க வேண்டியது. கிடைத்துவிடும் போலிருந்ததற்கு ஒரு மாத்திரைதான் காரணம். கிடைக்காமல் போனதற்கும் அதே மாத்திரைதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் வேலை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போய், இரண்டும் தட்டிப்போயிருந்தன. இதற்கு நடுவே ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்க்கரையும் மைதாவும் கூடாது, அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்.

"அத்த மாத்திர சாப்புட்றத எவகிட்டயாவது சொன்ன, வாயில சூடு வெச்சிருவேன்," என்றாள் அம்மா.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு, சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையை விழுங்கினாள் அத்தை. மினி லாரி ஓட்டும் அப்பா கரியாலூர் மலைக்கு லோடு போனபோது அரிசிக்குப் பதிலாக அரை மூட்டை சாமை வாங்கி வந்து போட்டார். பொம்பளைங்க சமாச்சாரம் என்பதற்குமேல் அவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மனைவி, மகளுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஒரு கிண்ணம் கேசரி கொண்டுவந்தாள். அத்தை கையை நீட்டவில்லை. அம்மா அவசரத்தில், "தவக்காலம் பாருங்க, அதான்," என்றாள். அது பொய்யுமில்லை, தவக்காலம் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஊரில் மற்றவர்கள் வெள்ளிக்கிழமை கறியை விட்டதையே பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அத்தையோ சர்க்கரையை விட்டாள், சோற்றை விட்டாள், உயிராய் நேசித்த பேக்கரி பன்னையும் விட்டாள். விடியற்காலையில் ஏரிக்கரை வழியாக மாதா சிலை இருக்கும் கெபி வரை தனியாக நடந்துவிட்டு வந்தாள். நடக்கச் சொன்னது டாக்டரம்மா. பார்த்தவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். புது மாத்திரை முதல் இரண்டு வாரம் வயிற்றைக் கலக்கி எடுத்ததில் கன்னம் ஒட்டி, முகத்தில் ஒரு சாந்தம் வேறு குடியேறிவிட்டது. பேசவே தெம்பில்லாதவள் சாந்தமாக இருக்காமல் என்ன செய்வாள்?

ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். "எம் பையன் பரிச்ச எழுதப் போறாம்மா. நீ ரெண்டு வார்த்த வேண்டிக்க. நீ கேட்டா மாதா குடுக்கும்," என்றாள் உபதேசியார் மனைவி. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கோயிலில் நானாகவே முதல் வரிசைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

நாலாவது வாரம் இரண்டு சிஸ்டர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மோர் குடித்து முடித்ததும் பெரிய சிஸ்டர் அப்பாவிடம், "உங்க தங்கச்சிக்கு மடத்துல சேரத் தேவ அழைத்தல் இருக்குங்க. ஈஸ்டர் முடிஞ்சி வரோம், யோசிச்சி வைங்க," என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆண்டவரு சித்தம் அதான்னா நான் இன்னாங்க சொல்றது," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை அடுப்படியில் சாமைச்சோற்றுத் தட்டின் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். "எனக்குக் கல்யாணம் ஆவாது, கொழந்த பொறக்காதுன்னு அண்ணனே முடிவு பண்ணிக்கினாரா அண்ணி?"

"அவருக்கு இன்னா தெரியும்? டாக்டரம்மா மூணு மாசம் பொறுக்கச் சொல்லிக்கிறாங்க இல்ல. பொறு. மாத்திரைய வுடாம சாப்புடு," என்றாள் அம்மா.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு ஆகாத உடம்பென்றால் மடம்தான் மிச்சம் என்று அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். தவக்காலத்தில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள் என்பதால், மூன்றாவது மாப்பிள்ளை வீட்டாரும் ஈஸ்டர் முடிந்துதான் வருவதாக இருந்தது. அதற்குள் மாத்திரை வேலை செய்துவிட வேண்டும் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நானோ அத்தையின் கண்ணீரைப் பக்திக் கண்ணீர் என்று என் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்தேன்.

ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, வீட்டின் பின்பக்கத்திலிருந்து அத்தை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டாள். அம்மா மாவுக் கையோடு ஓடினாள். பிறகு இரண்டு பேரும் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

போய் எட்டிப் பார்த்தேன். அத்தை பாயில் சுருண்டு, சுடுதண்ணீர் ஊற்றிய பாட்டிலை அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "வலி உயிரு போவுது அண்ணி," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

"போவட்டும், போவட்டும்," என்று அம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா லாரியை வாசலில் நிறுத்தியதும் அம்மா ஓடிப்போய், இத்தனை நாள் சொல்லாததையெல்லாம் சேர்த்து அவர் காதில் சொன்னாள். அப்பா அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர், அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்.

"எங்க பொண்ணுக்குக் கல்யாணந்தாங்கன்னு சிஸ்டருங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்," என்றார். வீடே லேசாகிப்போனது.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை வலியில் துடிக்கிறாள்; இந்தப் பெரியவர்கள் கூடி நின்று சிரிக்கிறார்கள். ஊரிலுள்ள அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொண்டவளுக்காக வேண்ட ஒரு ஆள் இல்லையே என்று மனசு பொறுக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அத்தைக்கு இந்த வயிற்று வலி இனிமேல் ஒருநாளும் வரவே கூடாது என்று, மாதாவுக்கு நன்றாகக் கேட்கட்டுமென்று, உரக்க வேண்டினேன்.

பாதியில் அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். இவ்வளவு நல்ல வேண்டுதலுக்கு ஏன் வாயைப் பொத்துகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.