சத்தத்துக்கு எரியும் சுவர்

ஹாலின் பெரிய சுவருக்கு நானே மஞ்சள் அடித்தேன். வங்கியில் நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு, பழைய நைட்டியோடு ஸ்டூல் மேல் ஏறி நின்று இரண்டு கோட்டிங். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டில் எனக்கென்று நான் செய்துகொண்ட ஒரே காரியம் அது. பெருங்குடி ஆபீஸிலிருந்து சாயங்காலம் வந்த என் கணவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான்.

"கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் மாதிரி இருக்கு" என்றான். பிறகு குளிக்கப் போய்விட்டான்.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. காதலித்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பதினாறு வருஷம். குழந்தை இல்லை; அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எப்போதும் 'நீ, வா, போ' என்றுதான் பேசிக்கொள்வோம். எனக்குக் கோபம் எல்லை மீறினால் மட்டும் அவனை 'நீங்க' என்பேன். அந்த வருஷம் அடிக்கடி அப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது.

நான் நல்லவள், அவன்தான் எல்லாம் செய்தான் என்று சொல்ல வரவில்லை. அவனுடைய அக்கா அடையாற்றிலிருந்து வந்தால் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வேன். அவன் ஆசையாக வாங்கிவந்த வஞ்சிர மீனை ஃப்ரீஸரில் அடியில் தள்ளிவிட்டு, கெட்டுப்போன பிறகு அவன் கண் முன்னாலேயே குப்பைக் கவரில் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

மஞ்சள் அடித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் வங்கியிலிருந்து வந்து கதவைத் திறந்தால், சுவரின் நடுவிலிருந்து வலது மூலை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பலகைகள். ஒவ்வொன்றும் ஆறு மூலை, சாப்பாட்டுத் தட்டு அகலம். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. அவன் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்திருந்தான். சோபாவில் உட்கார்ந்தபடி போனில் விரலை இழுத்தான். சுவர் நீலமாகி, ஊதாவாகி, பிறகு பாசிப் பச்சையாயிற்று.

"எப்படி இருக்கு?"

"என் சுவரு அது."

"நம்ம சுவரு. உன் பெயின்ட் அப்படியேதான் இருக்கு, பின்னாடி."

அண்ணாந்து பார்த்தேன். ட்யூப்லைட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையும், டேப் சுற்றிய ஒயர் ஒன்றும் இருந்தன.

"ட்யூப்லைட் எங்க?"

"அது எரிஞ்சா இதோட அழகு தெரியாது. பரண்ல போட்டுட்டேன். அக்கா வீட்டுலயும் எடுத்துட்டாங்க. நீ பாத்திருப்பியே."

"அங்க போனாத்தானே பாக்கறதுக்கு."

"அதான் சொல்றேன். நாலு வீட்டுக்குப் போனாத்தான் ரசனைன்னு ஒண்ணு வரும்."

அந்த விளக்குகளை எரியவைக்கும் செயலி அவன் போனில் மட்டும்தான் இருந்தது. என் போனிலும் போட்டுக் கொடு என்றேன். நாளைக்கு என்றான். அடுத்த வாரமும் நாளைக்கு என்றான். நான் ஆறு மணிக்கு வீடு திரும்புவேன், அவன் எட்டு மணிக்கு. கதவைத் திறந்தால் ஹால் இருட்டாக இருக்கும். போன் செய்து, "லைட்டைப் போடு" என்பேன். அவன் பெருங்குடியில் உட்கார்ந்துகொண்டு விரலால் தொட, இங்கே சுவர் ரோஸ் நிறத்தில் எரியும். "தேங்க்ஸ் எல்லாம் கிடையாதா?" என்று கேட்பான். மீட்டிங்கில் இருந்தால் எடுக்க மாட்டான். அந்த நாட்களில் சமையலறைப் பல்புக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து காபி குடிப்பேன்.

ஒரு சாயங்காலம் போனில், அக்கா மகளின் பிறந்தநாளுக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். போன் கட்டாயிற்று. அடுத்த நொடி ஹாலும் அணைந்தது. கையில் டம்ளரோடு அப்படியே நின்றேன்.

எட்டரை மணிக்கு வந்தவனிடம் கேட்டேன்.

"கை பட்டிருக்கும்" என்றான்.

மறுநாள் மந்தைவெளியிலிருந்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதுக்காரர். சுவரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா இது, தேன்கூடு கணக்கா கீது? இத்தினி லைட்ட வச்சிக்கினு எதுக்கு ட்யூப்லைட்டு?"

"போன் இல்லாம எரியாதுங்க. போன் அவர்கிட்ட இருக்கு."

அவர் நம்பவில்லை. சோபாவை நகர்த்தி, கீழே பிளக்கிலிருந்து போன ஒயரைத் தடவிக்கொண்டே போய், முதல் பலகையின் ஓரத்தில் பின்னால் விரலை விட்டார். சுவர் முழுக்க எரிந்தது.

"இதோ, இங்க பொத்தான் கீதுக்கா. சார் சொல்லலியா?"

சார் சொல்லவில்லை. ஐந்து வாரம் நான் இருட்டில் நின்றிருக்கிறேன். அந்தப் பொத்தான் அங்கேதான் இருந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பரணிலிருந்து ட்யூப்லைட்டை எடுத்து மாட்டிவிட்டுப் போனார்.

அவன் வந்து பார்த்தான். ட்யூப்லைட்டை ஒன்றும் செய்யவில்லை. "பட்டிக்காடு" என்று மட்டும் சொன்னான். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரைக் குடும்பத்தோடு அழைத்து வந்தான். அன்றைக்குத்தான் அந்தப் பலகைகளுக்குச் சத்தமும் கேட்கும் என்று தெரிந்தது. செயலியில் எதையோ அழுத்தினான். பாட்டு போட்டதும் தாளத்துக்குத் தாளம் சுவர் துள்ளியது. மெல்லிய சத்தத்துக்கு ஓரிரு பலகை மங்கலாக எரியும். சத்தம் ஏற ஏறப் பன்னிரண்டும் சிவந்து, கடைசியில் கண் கூசும் வெள்ளையாகும். பிள்ளைகள் முன்னால் நின்று கத்திக் கத்திப் பார்த்தார்கள். "சூப்பர் அண்ணா" என்றாள் ஒருவனின் மனைவி. நான் பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகும் அவன் அதை மாற்றவில்லை.

அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்காக என் அப்பா ஊரிலிருந்து வந்தார். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவதாக அவனே சொல்லியிருந்தான். போகவில்லை. ஒரு கண்ணில் பாதிதான் தெரிகிற மனிதர், ஆட்டோ பிடித்து, வழி தவறி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நான் கத்தினேன். அப்படி நான் கத்தியதே இல்லை. என் முதல் வாக்கியத்துக்கே சுவர் சிவந்தது. இரண்டாவதுக்கு வெள்ளையாயிற்று. என் குரல் ஏறுவதும் இறங்குவதும் அங்கே எரிந்து எரிந்து அணைந்தது.

அவன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சண்டையில் அவன் குரலை உயர்த்துகிறவன் அல்ல.

"பாரு" என்று சுவரைக் காட்டினான். "யாரு கத்தறாங்கன்னு அதுவே சொல்லுது." பிறகு, அதே தணிந்த குரலில், "உங்கப்பாவுக்கு என்ன, கண்ணு மட்டும்தான் போச்சா, இல்ல மூளையும் சேர்ந்தா?" என்றான்.

ஒரு பலகைகூடச் சிவக்கவில்லை.

அப்பா ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போன பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால், "சுவரைப் பாத்துப் பேசு" என்பான். எத்தனை தடவை நான் பொத்தானை அணைத்தாலும் போனில் மறுபடி போட்டுவிடுவான். பிளக்கையே பிடுங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். பிடுங்கினால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அது எரியும்போதே அவனை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அதனால் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டேன். கத்திய காலத்தில் சொல்லாததை எல்லாம் அப்போதுதான் சொன்னேன். "உன் பக்கத்துல படுக்கவே அருவருப்பா இருக்கு" என்பதை, உப்பை எடு என்பது போலச் சொல்ல முடிந்தது. "வேற எவனும் உன்னைச் சீந்தியிருக்க மாட்டான்" என்பான் அவன், அதைவிட மெதுவாக. இருவரும் ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்துக்கொள்வோம். எப்போதாவது எனக்குத்தான் குரல் நழுவும். உடனே சிவக்கும். அவன் சிரிப்பான்.

எங்கள் தெரு குறுகலானது. எதிர் ஃபிளாட்டில், எங்கள் ஹாலுக்கு நேரே, மயிலாப்பூரிலிருந்து குடிவந்த ஒரு மாமி இருந்தார். ஒருநாள் காலை கீரை வண்டியருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்காத்துல சாயந்தரம் பாட்டு கிளாஸ் நடக்கறதா?"

"இல்லையே மாமி."

"இல்லே, ஜன்னல் வழியா லைட்டு குதிச்சுக் குதிச்சு எரியறதே. எங்காத்து மாமா பால்கனில உக்காந்துண்டு தினம் பாத்துண்டிருக்கார். சங்கீதத்துக்குத் தகுந்தாப்ல எரியறது, ஏதோ புதுசா வந்திருக்குன்னார்."

நான் முளைக்கீரைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமி தன் கட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு, கீரைக்காரம்மாவுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்:

"நேக்கென்னமோ அது சங்கீதம்னு தோணலை. நாலு பேர் குடித்தனம் பண்ற இடம். ஜன்னலையாவது சாத்திக்கோங்கோ."

கீரை வாங்காமல் மேலே வந்துவிட்டேன். முகம் எரிந்தது. எங்கள் சண்டையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்ற ஒரு நினைப்புதான் எனக்கு மிச்சமிருந்தது. அதைத் தினமும் ஒரு கிழவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணி. அவன் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, சமையலறையிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றை எடுத்துவந்தேன். பலகைகள் வந்த பெட்டியில் இருந்த தாளை முந்தின நாளே படித்து வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் போகிறது. பிளக்குப் பக்கம் கழற்றினால் எல்லாமே அணைந்துவிடும், கடைசியிலிருந்து கழற்றினால் மிச்சம் எரிந்துகொண்டிருக்கும். கடைசிப் பலகைக்குப் பின்னால் கத்தியை விட்டேன்.

"என்ன பண்றே?"

"கழட்டறேன்."

டக்கென்று கையோடு வந்தது. பின்னால் ஒட்டியிருந்த டேப், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டையும் அதற்கடியில் பூசியிருந்த பட்டியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அதைச் சோபாவில் அவன் பக்கத்தில் போட்டேன். இரண்டாவதையும் எடுத்தேன்.

"கீழ எறங்கு" என்றான், அவனுடைய அந்தக் குரலில்.

"நீங்க உட்காருங்க" என்றேன்.

மூன்றாவதுக்குப் பின்னால் கத்தி போனபோது அவன் எழுந்தான்.

"எறங்குடி கீழ!"

சுவர் வெள்ளையாக வெடித்தது. மிச்சமிருந்த பலகைகள் அத்தனையும். என் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, கண் கூசிப்போயிற்று. "என் வீட்டுல என் பொருளைத் தொடுவியா? யாருடி நீ?" என்று மறுபடி கத்தினான். மறுபடி வெள்ளை. பதினாறு வருஷத்தில் அவன் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்தேன், பிறகு அவனைப் பார்த்தேன். அவனும் சுவரைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். சிரித்தும்விட்டேன்.

அவன் ஸ்டூலின் காலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான். நான் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பலகையை இழுத்துக்கொண்டு விழுந்தேன். இடது கை முதலில் தரையில் பட்டது. மணிக்கட்டுக்குள் எதுவோ நகர்ந்தது தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தான் எதையும் தொடவில்லை என்பது போல நின்றான்.

"நான் வேணும்னு பண்ணலை" என்றான் மெதுவாக.

"தெரியும். கை பட்டிருக்கும்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்று நானே இறங்கி ஆட்டோ பிடித்து அடையாறு போனேன். எலும்பில் விரிசல். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சுவரில் விளக்கு கழற்றும்போது என்றேன். இந்த வயசுல ஏன் ஸ்டூல்ல எல்லாம் ஏறறீங்க என்றார். கட்டு போட்டுக்கொண்டு திரும்பியபோது வீட்டில் அவன் இல்லை. லேப்டாப்பும் நான்கைந்து சட்டைகளும் இல்லை. அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, பெருங்குடியில் ஆபீஸ் பக்கம் ஒற்றை அறை வீடு ஒன்று எடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மிச்சப் பலகைகளை எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றி, ஒரு சாக்கில் போட்டு அக்கா வீட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் ஆனால் சொல்ல வேண்டிய பதில்கள் தொண்டையில் வரிசையாக வந்து நிற்கும். காய் நறுக்கும்போது வாய்க்குள்ளேயே அவனோடு சண்டை போடுவேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். அதிலும் ருசி இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். அவன்தான். இளைத்திருந்தான். தாடி வளர்த்திருந்தான், பொருந்தவில்லை.

"உள்ள வரலாமா?"

"என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்."

"பாஸ்போர்ட். பீரோவுல, நடுத் தட்டுல."

அவனை வெளியே நிறுத்திவிட்டுப் போய் எடுத்து வந்தேன். வாங்கிக்கொண்டு, "கை சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

"அதைக் கேக்கவா வந்தே?"

"இல்ல. பாஸ்போர்ட்டுக்குத்தான் வந்தேன்."

"அப்ப கிளம்பு."

லிஃப்ட் வர நேரமாயிற்று. அவன் அங்கேயே முதுகைக் காட்டி நின்றான். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். வெளியில் நல்ல வெயில். கேட்காமல் கதவைச் சாத்தினேன்.