மாதேஸ்வரியின் இல்லாத சுகர்

ஓசூருக்குப் பக்கத்தில், கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் மாதேஸ்வரிக்கு வேலை. அங்கே ஒரு லைனில் நாற்பது பெண்கள் நிற்பார்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து இரண்டு பித்தளை வில்லைகள். கழிவறைக்குப் போகிறவள் சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும் வில்லையை எடுத்துப் போய், திரும்பி வந்து மாட்ட வேண்டும். மேசைக்குப் பின்னால் ராஜப்பன் இருப்பார். போவதையும் பார்ப்பார், வருவதையும் பார்ப்பார், நடுவில் கடிகாரத்தையும் பார்ப்பார். விண்வெளியில் மனிதன் எப்படிச் சிறுநீர் கழிப்பது என்பதைத் தீர்த்துவிட்ட அறிவியல், இந்த லைனில் ஒரு ஆணியோடு நின்றுவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சுகர் உள்ளவர்கள் வில்லை இல்லாமல் போகலாம். வில்லைக்காகக் காத்திருந்து காத்திருந்து, சுகர் உள்ள ஃபகருன்னிசா ஒருநாள் லைனிலேயே உடை நனைந்து நின்றாள். அதற்குப் பிறகு சுரந்த கருணை இது. அப்படிப்பட்டவர்களின் அடையாள அட்டைக்குச் சிவப்பு நாடா கொடுத்தார்கள்.

நாடா வந்ததும் சுகருக்கு மவுசு கூடிவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேனில் முன்சீட்டு சிவப்பு நாடாக்காரர்களுக்கு என்றானது. ஃபகருன்னிசா அங்கே பட்டத்து ராணிபோல் உட்கார்ந்து வருவாள்.

"எனக்கு முன்னூத்தி இருவது. உனக்கு எவ்ளோடி?"

"எரநூத்தி பத்துக்கா."

"அதெல்லாம் ஒரு சுகரா? பின்னாடி போய் உக்காரு."

மாதேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்ப ரத்தம் பட ஆரம்பித்தது. புருஷனோடு படுத்த மறுநாள் படும், சில நாள் காரணமே இல்லாமல் படும். நாற்றமடிக்கும் நீரும் கசிந்தது. பக்கத்து வீட்டு சரிதாவிடம் மட்டும் சொன்னாள்.

"வயசு திரும்புதுக்கா உனக்கு. குடுத்து வெச்சவ நீ," என்றாள் சரிதா. "இல்லன்னா சூடா இருக்கும். வெந்தயம் ஊறவெச்சுக் குடி."

மாமியார் சேலையில் கறையைப் பார்த்துவிட்டு, சாமி அறைப் பக்கம் வராதே என்றார். ரத்தம் பட்டால் சாமியிடம் போகக் கூடாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் துணி மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியில் எப்படி? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வில்லையைக் கேட்டால் ராஜப்பன் எதற்கு என்று கேட்பார். ஒருநாள் கேட்டேவிட்டார். மாதேஸ்வரி சற்று யோசித்து, "சுகரு சார்," என்றாள். டாக்டர் சீட்டுகூட அவர் கேட்கவில்லை. நாடா கிடைத்தது. இடுப்புக்குக் கீழே பெண்ணுக்கு வரும் எந்தத் தொல்லையையும் மரியாதையாகச் சொல்ல நம் ஊரில் ஒரே ஒரு சொல் புழங்குகிறது. அதை அவளும் பயன்படுத்திக்கொண்டாள்.

பொய் வேனில் ஏறி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தக்காளி மண்டியில் கூடை சுமக்கும் அவள் புருஷன் ராமப்பன், கல்யாணமாகி அன்றுதான் முதன்முதலாக அவள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டான். தினமும் பாகற்காய் வாங்கி வந்தான். சாற்றைப் பிழிந்து, அவள் குடிக்கும்வரை எதிரில் நின்றான். யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற இனிப்புப் போளி சுட்டவள் அவள்தான். தின்றது மற்றவர்கள். "உனக்கு ஆவாது," என்று தட்டை நகர்த்திவைத்தான். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. பாகற்காய்க்கு அந்த வழி தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் கம்பெனிக்கு முகாம் போட வந்தார்கள். கேன்டீனில், எல்லோர் கண்ணெதிரிலும், சுகர் பரிசோதனை. மூலையில் பச்சைத் திரை கட்டி, முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. சுகருக்குத் திருவிழாக் கூட்டம். திரைப் பக்கம் ஈ காக்கை இல்லை. விரலை நீட்டுவதில் யாருக்கும் வெட்கமில்லை. தான் பிறந்து வந்த இடத்தின் பெயரைச் சொல்லத்தான் ஊருக்கே வெட்கம்.

"சிவப்பு நாடா எல்லாம் முன்னாடி வாங்க," என்றார் ராஜப்பன்.

மாதேஸ்வரி பின்னால் நழுவப் பார்த்தாள். ஃபகருன்னிசா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மிஷின் தொண்ணூற்றாறு காட்டியது. சந்தேகப்பட்டு நர்ஸ் லாவண்யா மறுபடி குத்தினாள். அப்போதும் அதே.

"ஏனம்மா மாதேஸ்வரி, உன் சுகரு எங்க போச்சு?" என்றார் ராஜப்பன், கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி.

"ஒப்பட்டு திங்காததுல எறங்கிருச்சோ என்னமோ," என்று யாரோ சொல்ல, சிரிப்பு பரவியது. ராஜப்பன் அவள் கழுத்து அட்டையிலிருந்து நாடாவை உருவிக்கொண்டார். "பொய் சொல்லி ஓபி அடிச்சிருக்க. நாளைக்கு ஆபீசுக்கு வா, உன் வேலையப் பத்திப் பேசலாம்."

லாவண்யா மட்டும் சிரிக்கவில்லை. சுகர் இல்லாதவள் எதற்காகக் கழிவறைக்கு அத்தனை முறை ஓடினாள் என்ற கேள்வி அங்கே அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். மாதேஸ்வரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இதுவும் சுகராலதான் வரும்னு சொல்றாங்களேம்மா."

"சுகர் இருந்தா அரிப்பு வரும்க்கா, வெள்ளைப்படும். ரத்தம் வராது. தீட்டு நின்னப்புறம் ரத்தம் பட்டா ஒருநாள்கூட சும்மா இருக்கக் கூடாது. வாங்க உள்ள."

"எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க."

"பாக்கட்டும். அவங்களுக்கும் இருக்கிற இடம்தானே."

திரைக்குள் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. கர்ப்பப்பை வாயில் ஒரு புண். மருந்து தடவியதும் சுற்றிலும் வெளுத்தது, தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. சதை எடுத்துப் பரிசோதிக்க உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள் லாவண்யா. புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தள்ளிப்போட்டால் மட்டும் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னாள்.

மறுநாள் ஆபீசில் ராஜப்பன் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

மாதேஸ்வரிக்கு இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் உட்காரவைத்துப் பாகற்காய்ச் சாறு கொடுப்பார்கள், கடைசிவரை.

"கர்ப்பப்பை வாயில புண்ணு சார். ரத்தம் வருது. துணி மாத்தப் போனேன். அத உங்க மேசைகிட்ட நின்னு எப்படிச் சொல்றது? இப்ப சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவ லீவு வேணும்."

ராஜப்பன் மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போம்மா, போ," என்றார், முகத்தில் ஏதோ தெறித்துவிட்டதுபோல.

பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று வந்தது. நல்ல வேளையாகப் பரவியிருக்கவில்லை. அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். சாமி அறைக்குப் போகலாமா என்று மாமியாரைக் கேட்கும் அவசியம் அதோடு தீர்ந்தது, மாதேஸ்வரிக்குப் போகும் ஆசையும்தான். ராமப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில், பழக்கதோஷத்தில், பாகற்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்தான்.

சில மாதங்கள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வேனில் ஃபகருன்னிசா முன்சீட்டில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எனக்கு நாடா இல்லையேக்கா."

"உக்காருடி. அந்தத் திரைக்குள்ள வலிக்குமா, அத மொதல்ல சொல்லு."

அன்று மதியம் மாதேஸ்வரி வில்லையைத் திரும்ப மாட்ட வந்தபோது, ராஜப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனம்மா, என் வூட்லயும் சுகருன்னுதான் சொல்றா. ஆறு மாசமா துணிய ஒளிச்சு ஒளிச்சுத் தொவைக்கிறா."

"டெஸ்ட் எடுத்தாங்களா சார்?"

"எங்க? அவளே சொன்னா. நானும் கேட்டுக்கல."

மாதேஸ்வரி வில்லையை ஆணியில் மாட்டாமல் அவர் மேசைமேல் வைத்தாள்.

"கேளுங்க சார். இன்னிக்கே போய்க் கேளுங்க."