அக்கா கொடுக்காத எழுத்து

அக்கா போய் இந்த ஆவணியோடு ஒரு வருஷம். திதி முடிந்து, சாப்பிட்டு எழுந்து, நீங்கள் விடைபெறும்போது இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் தருகிறோம். தேங்காய்ப் பைக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். குணத்தில் பசு, குலத்துக்கு விளக்கு என்று அச்சகத்தில் ஒரு வாசகம் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அக்கா பசுவும் இல்லை, விளக்கும் இல்லை. அதை எடுத்துவிடச் சொன்னேன். என் புகுந்த வீட்டிலிருந்தும் ஒரு வேண்டுகோள் வந்தது: கடைப் பலகை விஷயம் மட்டும் வேண்டாம், நாலு பேர் படிப்பார்கள் என்று. நாலு பேர் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கும் தூரத்தில். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே சாப்பிட உட்காருவார். அவர் மூச்சிரைப்பில் படுத்தபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா மேலே படிக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கப் போனார். எழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். அதன் பிறகு அவரோடு பஸ்ஸில் போவதே ஒரு பாடு. மலை மேல் மேகம் இறங்கி நிற்கும். அக்கா மலையைப் பார்க்கமாட்டார், கடை போர்டுகளைப் பார்ப்பார். "அந்த ழ-வப் பாரு ஏட்டி, வால மிதிச்ச பூனை மாதிரி முழிக்குது" என்பார்.

பிறகு சொந்தக் கடை. பெயர்ப் பலகை, ஃப்ளெக்ஸ், அக்ரிலிக் எழுத்து, உள்ளே விளக்கு வைத்த போர்டு, எல்லாம். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் ஃபாண்டுகள் அவருக்குப் போதவில்லை. தாளில் கையால் வரைந்து, ஸ்கேன் செய்து, மறுபடி வளைத்து நிமிர்த்துவார். பக்கத்தில் அழகாகத் தெரிகிற எழுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் புழுவாகச் சுருண்டுவிடும் என்பார். அதனால் தாளைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பஸ் ஓட்டுகிறவர் தலையைத் திருப்பாமல் படிக்க வேண்டும். அதுதான் அவர் வைத்திருந்த அளவு.

வருகிறவர்களோடு ஓயாத சண்டை. வத்திராயிருப்பிலிருந்து பம்ப்செட் கடைக்காரர் ஒருவர் வந்தார்.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே. அதுல ஒரு முருகனப் போடும்மா."

"நாலு பக்கமும் எழுத்து நெருக்குனா முருகனுக்கு மூச்சு முட்டும்ணே."

"அப்பம் பம்ப்செட் படம் போடு."

"பம்ப்செட் கடைக்குள்ள இருக்குல்லா? உள்ள இருக்கதெல்லாம் வெளிய கொண்டாந்து காட்டிட்டா, பொறவு ஆளு எதுக்கு உள்ள வாரான்?"

பேசத் தெரியாத பொம்பளை என்று கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவரே வந்து, நீ சொன்னபடியே போடு என்றார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் தேடி நீங்கள் களைத்துப் போனது எனக்குத் தெரியும். என்னிடம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "யாரும் சரியான அளவுல வரல."

இனி அந்தப் பலகை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் செண்பகம் அம்மாள் பால்கோவாக் கடை வைத்தபோது அக்காவிடம்தான் போர்டுக்கு வந்தார். கணவர் இல்லை. அடுப்பும் அவர்தான், கல்லாவும் அவர்தான். அக்கா ஒரு காலை முழுக்க அந்த அடுப்படியில் நின்றார். பால் சுண்டச் சுண்ட, துடுப்பைப் பிடித்த மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் திருப்பம் ‘கோ’வின் கொம்பில் வந்து சுழியாக உட்கார்ந்தது. சிவப்பில் பால் நிற எழுத்து. படிக்கத் தெரியாதவர்கள்கூட, சுழி போட்ட கடை எது என்று கேட்டு வந்தார்கள்.

சில வருஷங்களில் நான் அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் கணவரின் அண்ணனை வீட்டில் பெரியவர் என்போம். அவர் செண்பகம் அம்மாள் கடைக்கு நேர் எதிரே ஒரு பால்கோவாக் கடை திறக்க முடிவு செய்தார். புரட்டாசிக்கு முன் திறந்தால், ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குச் சனிக்கிழமை வருகிற கூட்டத்தைப் பிடிக்கலாம் என்பது கணக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா கடைக்குப் போனார்.

"எதுத்த கடை மாதிரியே வேணும். அதே சுழி, அதே செவப்பு. பேரு மட்டும் நம்ம பேரு."

"ஒங்களுக்குப் புதுசா வரைஞ்சு தாரேன் அத்தான். அதவிட நல்லா வரும்."

"நல்லா வேண்டாம். அது மாதிரி வேணும்."

"அது செண்பகத்தக்கா கை. அவிய துடுப்புப் போட்டதுல வந்த எழுத்து."

"வரைஞ்சது நீதானம்மா?"

"வரைஞ்சேன். அவியளுக்குக் குடுத்தாச்சு."

பெரியவர் எழுந்தார். "ஒந் தங்கச்சி எங்க வீட்லதான் இருக்கா. அத மறந்துறாத."

அவர் வெளியே போனதும் நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "குடுத்துரு அக்கா. ஒனக்கு அது ஒரு எழுத்து. நான் அங்க காலம் தள்ளணும்."

"ஏட்டி, அவிய ஒன்ன ஏதாச்சும் சொன்னா இப்பமே பொட்டிய எடுத்துட்டு வா. இருக்கிற வரைக்கும் சோறு போடுதேன். ஆனா இன்னொருத்தி பொழப்ப எடுத்து ஒனக்குச் சீரா அனுப்ப மாட்டேன்."

நான் பெட்டியை எடுக்கவில்லை. பெரியவர் எதிர்க்கடைப் பலகையை போனில் படம் பிடித்து, வெளியூரில் கொடுத்து, அச்சு அசலாக வெட்டிக்கொண்டு வந்தார். திறப்பு விழாவுக்கு அக்கா வந்தார். குத்துவிளக்கைச் சீராகக் கொடுத்தார். தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பி வந்து, சபையில், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "கடை நல்லா வரட்டும் அத்தான். ஆனா இந்த எழுத்து நான் குடுத்தது இல்ல. யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்." அதே நடையில் எதிர்க்கடைக்குப் போய் அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் உள்ளே வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. இதை எழுதாமல் அக்காவைப் பற்றி வேறு எதை எழுதவும் எனக்குத் தகுதி இல்லை.

அன்றோடு உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் சடங்குக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்க அக்காவிடம் யாரும் வரவில்லை. பத்திரிகையும் வைக்கவில்லை. சொந்தத்தைவிட எழுத்து பெருசாப் போச்சாக்கும் என்றீர்கள். ஆமாம், பெருசுதான். அக்கா சளைக்கவில்லை. ஆலங்குளம் வரைக்கும் போய் போர்டு மாட்டினார். எங்கள் பலகையின் சுழியைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் எங்கள் கடைக்குள் ஏறி வந்தார்கள். "இதுதான அந்தக் கடை?" என்று கேட்டார்கள். ஆமா என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் நான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறி, அக்கா முன்னால் போய் உட்கார்ந்து அழுதவளும் நான்தான். அக்கா திட்டமாட்டார். டீ வாங்கித் தருவார். மவுசைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசி நாட்கள் மதுரையில், ஆஸ்பத்திரியில். கர்ப்பப்பையில் வந்த நோய் ஈரல் வரை போயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் சுவரைப் பார்த்து, "ஸ்கேன் ரூம் கீழ இருக்கு, அம்பு மேல காட்டுது. எவன்டி போட்டது?" என்று கேட்டார். தள்ளிக்கொண்டு வந்தவர் சிரித்துவிட்டார். செண்பகம் அம்மாள் வாரம் இருமுறை கஞ்சி கொண்டுவந்தார். ஒரு மத்தியானம் அவர் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டேன்.

"அந்த போர்ட நான் எறக்கிரட்டுமா அக்கா?"

"நான் சாகக் கெடக்கேன்னு எறக்காத. பொறவு எறக்குனது நானாயிரும். ஒனக்கா எப்பம் பொறுக்கலையோ அப்பம் எறக்கு."

அதற்கு மேல் அதைப் பற்றி அக்கா பேசவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

பாகப்பிரிவினையில் கடை எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. பேர் நிலைத்துவிட்ட போர்டு, கையை வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார் பெரியவர். படுக்கட்டும். ஒரு வருஷம் அந்தச் சுழிக்குக் கீழே கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடியவில்லை. திதிக்கு மூன்று நாள் முன்பு, நல்ல வெயிலில், தெருவே பார்க்க அதை இறக்கினோம். என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீ நட்டக் கழத்தச் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகப் பேசிய நீளமான வாக்கியம் அது.

நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் கடையில் கடைசிவரை ஃப்ரேம் வெல்டிங் செய்த தங்கராசு அண்ணனுக்கு. பலகையை இறக்கியதும் அவரே. இறக்கிவிட்டுக் கூலி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நோவு தெரியாமல் அக்காவைத் தூங்கவைத்த செவிலியர்களுக்கு. போர்டைத் திருத்திய பிறகும் சண்டை போட்டுக்கொண்டே உறவாக இருந்த வாடிக்கையாளர்களுக்கு. வராமல் இருந்துவிட்டு இன்று வந்திருக்கும் உறவினர்களுக்கும்தான். சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றே.

இந்தக் கட்டுரையில் வருத்தம் உள்ளவர்கள் போனில் சொல்ல வேண்டாம், கடைக்கே வாருங்கள். புதுப் பலகை இன்னும் வைக்கவில்லை. வழி தெரியவில்லை என்றால் எதிரே செண்பகம் அம்மாள் கடையில் கேளுங்கள். காட்டுவார்.