சமையலறைச் சுவருக்குக் கீழே ஒரு ஜாக்கி

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில், செம்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்கள் வாசல் ரோட்டைவிட இரண்டடி பள்ளத்துக்குப் போய்விட்டது. மழை வந்தால் ஹாலுக்குள் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். பட்டது போதும், இந்த மழைக்குள் வீட்டை மூன்றடி உயர்த்திவிடலாம் என்று முடிவெடுத்தோம். பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடிபோனோம்.

நான் பொறியியல் கல்லூரி ஆசிரியை. கட்டடங்களுக்குள் ஏறும் இறுக்கத்தைப் பற்றித்தான் பாடம் எடுக்கிறேன். ரப்பரை ஒரு விரற்கடை இழுத்தாலும் அது வளைந்து கொடுத்துவிடும். செங்கல், கான்கிரீட் போன்றவை கொடுக்காது, ஒரு நூல் அசைத்தாலும் உள்ளே இறுக்கம் எகிறும் என்று பதின்மூன்று வருடங்களாகப் போர்டில் எழுதி வருகிறேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. போதாக்குறைக்கு, சும்மா உட்கார முடியாத சுபாவம். குக்கர் மூன்று விசில் கொடுப்பதற்குள் நான்கு முறை அடுப்பங்கரைக்குப் போய்வருகிற ஆள் நான். அந்த வேலை நடந்த நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சுவர்களுக்கு அடியில் வரிசையாக நூற்றுக்கும் மேல் ஜாக்கிகள். ஆளுக்கு ஒரு வரிசை. மேஸ்திரி விசில் ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்புவார்கள். அவ்வளவுதான், அடுத்த விசில் வரை கையை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஜாக்கியிலும் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள். ஒருவர் வரிசையில் இன்னொருவர் கை வைக்கவே கூடாது என்பது அவர்களுக்குள் கண்டிப்பான வழக்கம்.

மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் எதிரில் இருந்த காலி மனையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு ஜாக்கியைத் தொட்டால் லொடலொடவென்று ஆடியது. இத்தனை கனமான சுவருக்குக் கீழே இது சும்மா நின்றுகொண்டிருக்கிறதே! கம்பியைச் செருகித் திருப்பினேன். ஒன்றரைச் சுற்றில் இறுகியது. அப்பாடா என்று பக்கத்து ஜாக்கியைத் தொட்டால், இப்போது அது ஆடியது. அதையும் ஒரு சுற்று திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் முதலாவது தளர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் அரைச் சுற்று கொடுத்தேன்.

தலைக்கு மேல் டக்கென்று ஒரு சத்தம்.

எழுந்து பார்த்தேன். சமையலறை ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. கிரீஸ் படிந்த கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தார். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு அந்த வரிசைக்காரரைக் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. அந்த மூன்று நாளில் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் போட்ட கோடு திரும்பிகீது. யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார்.

"உன் லைன்ல எவன்யா கை வெப்பான்? எல்லாரும் சாப்ட்டுகினு இருந்தோம்" என்று கத்தினார் மேஸ்திரி. "மேடம் காலேஜ்ல இதையேதான் பாடம் நடத்துறாங்க. அவங்க முன்னாடி மானத்த வாங்கிட்டியே! நீ கெளம்பு."

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. 'பாடம் நடத்துறாங்க' என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது. அந்த வரிசைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அதன் பிறகு போன முக்கால் மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில், "சுத்தி இருக்கறத எல்லாம் கால் சுத்து ஏத்திப் பாப்போம்" என்று விசிலை வாயில் வைத்தார்.

"வேண்டாம்!" என்று அலறிவிட்டேன். "நான்தான் திருப்பினேன். அவர்மேல தப்பே இல்லை."

மேஸ்திரி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் பறந்தேன். தாம்பரம் போகும் பஸ் நிற்கிற நிறுத்தத்தில் அந்த வரிசைக்காரர் நின்றிருந்தார். "அண்ணா, நான்தான்..." என்று ஆரம்பிப்பதற்குள்,

"எத்தினி சுத்து மேடம்?" என்றார்.

"முதல் ஜாக்கி ரெண்டு, பக்கத்துல ஒண்ணு."

வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்.

வந்ததும் மண்ணில் படுத்துக்கொண்டு, இரண்டு ஜாக்கிகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். "இது நான் வேணும்னே வுட்ட லூசு மேடம். இதுக்கு மேல காங்கிரீட் பீம் போவுது. அது வளையாது. இங்க ஏத்துனா மத்ததுங்க மேல கீற வெயிட்டு எல்லாம் இங்கியே வந்து உக்காந்துக்கும்" என்றார் படுத்தபடியே. நான் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுக்கும் பாடம் அது. விரிசல் அதற்குமேல் நகரவில்லை.

எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மேஸ்திரியும் தலையைக் குனிந்துகொண்டு டீ வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும், மனசு கேட்காமல், "அவ்வளவு நேரமா பஸ் ஒண்ணுகூட வரலையாண்ணா?" என்றேன்.

"மூணு வந்துச்சு மேடம்."

"அப்புறம் ஏன் ஏறலை?"

"உங்க முந்தானைல கிரீஸ் பாத்தேன். வூட்டுக்காரங்கள எப்பிடி நாலு பேர் முன்னாடி சொல்றது? நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். வூடு ஜாக்கி மேல நிக்குது. நான் வுட்டது எவ்ளோன்னு எனக்குத்தான தெரியும். நான் பாட்டுக்குப் பூட்டா பேஜாராயிடும்ல?"

வீடு நல்லபடியாக ஏறி, நாங்கள் குடிவந்து மூன்று மழையும் பார்த்தாகிவிட்டது. ஆனாலும், நான் வாயை மூடிக்கொண்டு கழித்த அந்த முக்கால் மணி நேரத்தில், அவமானப்பட்டுப் போன ஒருவர் என் வீட்டுக்காக மூன்று பேருந்துகளைப் போகவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.