பாதிக் கிணற்றைத் தோண்டிய அத்தான்

அக்கா நோர்வேயிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் பிள்ளையார் கோயிலுக்குப் பூக் கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "உன்ர அத்தான் போயிட்டாரடி. வீட்டுப் படியில ஏறேக்க நெஞ்சைப் பிடிச்சவர்" என்றாள். மலை மலையாக ஏறிய மனிதருக்கு வீட்டுப் படி ஏற முடியவில்லை. பூவை வைத்துவிட்டுத் தலைக்கு வார்த்தேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வெளிவரும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் "இயற்கையின் காதலர், புவியியல் அறிஞர்" என்று அவரைப் பற்றி யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு பக்கம் தந்தார்கள். எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் அத்தான் தில்லையம்பலத்தாரைக் கண்டு பழகிய உங்களுக்கு அறிஞர் கதை வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, தேவாரப் புத்தகத்தையும் பழைய பேப்பரையும் பார்த்து எழுதப் பழகியவள் நான். தெரிந்ததைத்தான் எழுதுவேன்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அவரும் அக்காவும் மூன்று மாதம் வந்து நின்றார்கள். வந்த அன்றே படங்களைப் பரப்பினார். கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பும் மலைத்தொடர், தோளில் பனி, இடுப்பில் அருவி, பாறைகளில் வழி காட்டும் சிவப்புக் குறிகள், உச்சிக்குக் கம்பியில் போகும் பெட்டி.

"இஞ்ச என்ன கிடக்கு? தோசைக்கல்லு மாதிரித் தட்டை. ஆகாசத்தை விட்டா அண்ணாந்து பாக்க ஒண்டுமில்லை."

"மேல கோயில் இருக்கோ அத்தான்?"

"இல்லை."

"விறகு?"

"இல்லையப்பா."

"அப்ப ஏன் ஏறுறனீங்கள்?"

"மேல நிண்டு கீழ பாக்க."

"ஊராற்ற வீட்டு விடுப்புப் பாக்கத்தான்" என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மலையேறும் ஊன்றுகோல்கள் இரண்டையும் கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் அவற்றைக் குத்திக் குத்திக் கடற்கரைக்கு நடந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். "அண்ணை, காலுக்கு என்ன நடந்தது? பெரியாஸ்பத்திரியில காட்டினனீங்களோ?" என்று ஒருவன் உண்மையாகவே இரக்கத்தோடு கேட்டான். அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. கிணறு அப்படியல்ல.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி அக்காவின் சீதனம், பாதி என்னுடையது. அந்த ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர் அதில்தான். பிள்ளையாரின் அபிஷேகத்துக்கும் அதிலிருந்துதான் போகும். ஆவணியில் தண்ணீர் ஒன்றரை முழத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு ஆவணியிலும் அப்படித்தான். துலாக்கயிற்றால் மட்டம் பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

"கொப்பியில எழுதினாப்போலத் தண்ணி ஊறுமோ? ஆழமாக்கவேணும். பாறைக்குள்ள போகப் போகச் சுத்தமான தண்ணி."

"அத்தான், இது மலையில்லை. மழைத் தண்ணி மேல மிதக்குது. கீழ கடல்."

"நீர் எங்க புவியியல் படிச்சனீர்?"

நான் விடாமல் மறித்தேன். அப்போதுதான் அந்தச் சட்டம் பேசினார்: "உம்மட பங்கை நான் தொடேல்லை. என்ர பாதியைத்தான் ஆழமாக்கிறன்." சொன்னதோடு நில்லாமல் கிணற்றுக் கட்டின் குறுக்கே நடுவில் ஒரு கயிறும் கட்டினார். கல் உடைக்க அலவாங்கோடு இறங்க நின்ற கூலிக்காரர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, தண்ணியும் கயித்தைப் பாத்து அங்கால வராம நிக்குமோ?"

அக்கா அழுதாள். அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கல் உடைத்தார்கள். குபுகுபுவென்று ஊறியது. எல்லோருக்கும் முன்னால் ஒரு செம்பு குடித்து, "பாத்தீரோ பரமேசு?" என்றார். ஐந்தாம் நாள் தேத்தண்ணீர் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை. கோயில் ஐயர் குடத்தைத் திருப்பிக் கொண்டு வந்து வாசலில் வைத்தார். "பிள்ளை, இது பிள்ளையாருக்கு ஏலாது."

அத்தான் "ஃபில்டர் ஒண்டு போட்டாச் சரி" என்றார். மறுகிழமை பிளேன் ஏறிவிட்டார்.

அவர் உடைத்த பள்ளத்தைக் கல்லாலும் குளத்துக் களிமண்ணாலும் நான்தான் அடைப்பித்தேன். அரை மைல் தள்ளிக் குடம் சுமந்தேன். ஒவ்வொரு மாரிக்கும் அவர் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பதில்லை. "தண்ணி எப்பிடி?" "உப்பு." "ம்." வைத்துவிடுவார். பாதை திரும்ப மூடிய பிறகும் அது மட்டும் நிற்கவில்லை.

போன திருவெம்பாவையின்போது ஒரு கை அள்ளிக் குடித்தேன். இனித்தது. நம்பாமல் ஒரு குடம் ஐயரிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துவிட்டுக் குடத்தை அபிஷேகத்துக்கு உள்ளே கொண்டு போனார்.

அந்தக் கிழமையே அத்தான் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"பரமேசு, தண்ணி?"

"உப்புத்தான் அத்தான்."

"நான் கடலை யோசிக்கேல்லை" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் பிழையை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அப்போதாவது தண்ணீர் இனித்ததைச் சொல்லியிருக்கலாம். "சரி, வைக்கட்டோ?" என்றேன்.

மலைப் படங்களை அக்கா எனக்கு அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது நான் சொன்ன அந்தப் பொய். பிள்ளையாருக்கு முன்னால் அதை எத்தனையோ தரம் இறக்கி வைத்துப் பார்த்தேன். அதை அவர் ஏற்கவில்லை. தண்ணீரை மட்டும் ஏற்கிறார்.