ஒட்டடைக் கம்பு

வீடு வாங்கும் முன் இன்ஜினியரிடம் காட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அவரை எப்படிக் கூட்டிப்போவது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம், விற்கிறவர் எதிரே ஓர் இன்ஜினியரைக் கொண்டுபோய் நிறுத்தினால், 'எங்க வூட்டு மேலயே சந்தேகமா?' என்று முகம் மாறிவிடும். அதனால் என் மச்சான் என்று பொய் சொல்லி அவரை அழைத்துப்போனேன். அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

வீடு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. விற்கிறவர்கள் அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி, கிறிஸ்தவக் குடும்பம். ஓசூரில் இருக்கும் மகளோடு போய்விட வேண்டும் என்று இருந்தார்கள். வீடு விற்றால்தான் போக முடியும். எனக்கும் என் மனைவிக்கும் பதினொரு வருட வாடகை வீடு அலுத்துப்போயிருந்தது. வாசலில் செம்பருத்தியைப் பார்த்ததுமே என் மனைவி மனதுக்குள் பால் காய்ச்சி முடித்துவிட்டாள்.

அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். 'மச்சான்' அதை வாங்கி வைத்துவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டடைக் கம்பு இருக்குதுங்களா?" என்றார்.

அந்த அம்மா வெட்கப்பட்டுப் போனார். "ஐயோ, நீங்க ஏனுங்க? இருங்க, நானே அடிக்கறேன்."

"இருக்கட்டும்மா, கை எட்டுது" என்று கம்பை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தால் கூரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். கூடம், சமையலறை, அவர்கள் படுக்கும் அறை எல்லாம் கெட்டியாகக் கேட்டன. தென்மேற்கில், நாங்கள் கன்னி மூலை என்று சொல்லும் அந்த மூலையில், ஒரு சின்ன அறை இருந்தது. கேழ்வரகு மூட்டையும் ஓடாத தையல் மெஷினும் கிடந்தன. அங்கே தட்டியபோது காலி டப்பாவைத் தட்டியது போல் கேட்டது. அந்தக் கூரைக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

"மழைக்குக் கறை பட்டுப்போச்சுங்க, அதான் அடிச்சோம்" என்றார் பெரியவர். மறைத்துப் பேசும் முகமில்லை அது. கறை என்றுதான் நினைத்திருந்தார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி சரியாக அந்த அறைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஈரம். இன்ஜினியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மத்த எடமெல்லாம் பரவால்லீங்க. இங்க போரு தண்ணி, உப்பு. வருசக்கணக்கா எறங்கி உள்ள கம்பியெல்லாம் துருப்புடிச்சு உப்பிக்கிச்சு. எப்ப வேணா கொட்டும். இதுக்குக் கீழ யாரும் படுக்கவே கூடாது. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்லிடறேன்" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

கீழே வந்தால், அந்த அம்மா பலாச்சுளை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். பெரியவர் என் முகத்தையே பார்க்கிறார். 'உங்க வீட்டுக் கூரை செத்துப்போச்சு' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். வீடு வேண்டாம் என்றால் வாஸ்து. யார் மனமும் நோகாது. நானும் வாய் கூசாமல் சொன்னேன்: "வீடு ரொம்ப நல்லா இருக்குதுங்க ஐயா. வாஸ்துதான் கொஞ்சம் இடிக்குது. படுக்கற ரூம் கன்னி மூலையில இல்லீங்களே."

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க தம்பி" என்றார் பெரியவர். "அதுதான் காரணமுங்களா?"

"அது ஒண்ணுதானுங்க" என்றேன்.

பஸ்ஸில் என் மனைவி, "ஊருக்கெல்லாம் நல்லவரு நீங்க" என்றாள். நான் சிரித்தேன். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் பெரியவரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. விலையைக் குறைக்கிறேன் என்று கெஞ்சுவார், சங்கடம் என்று நான் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குச் சொன்ன புரோக்கரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "நல்லவேளை நீங்க அதை வாங்கல சார். அந்தம்மா மேல கூரைக் காரை பேந்து வுழுந்து, ஆஸ்பத்திரியில கெடக்குது" என்றார். அந்த அறையில் அவருக்கு என்ன வேலை, மூட்டை எடுக்கப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மாவுக்குத் தலையில் தையல், வலது தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பெரியவர் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டார்.

"உங்களுக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேங்க தம்பி. வேலையில இருந்திருப்பீங்க. மூட்டையெல்லாம் எடுத்துப்போட்டு, கட்டிலைக் கன்னி மூலைக்கே மாத்திட்டோம். அங்கயே படுக்கறோம். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லத்தான் பண்ணேன். நீங்க இல்லாட்டியும் அடுத்து வர்றவங்களுக்கு ஆவும் பாருங்க. இவ சாப்புட்டுச் சித்த கண்ணசந்தா. கடைக்குப் போனவன் திரும்பி வர்றதுக்குள்ள…"

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி மறைத்து யாரைக் காப்பாற்ற? சொன்னேன். வந்தவர் மச்சான் இல்லை, இன்ஜினியர். அந்தக் கூரை கொட்டும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வாஸ்து என்றது சும்மா, உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான். இதைச் சொல்லும்போது அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்கே அருவருப்பாக இருந்தன.

அந்த அம்மா, மெதுவாக, தனக்குத்தானே கேட்பது போல் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு அவரு அடிச்சது ஒட்டடை இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"நான் வூட்டைச் சுத்தமா வெச்சுக்கலையேன்னு அன்னைக்கெல்லாம் வெசனப்பட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. போர்வையை மனைவியின் தோள் வரை இழுத்துவிட்டுச் சொன்னார்: "கம்பு எங்க வூட்டுதுதானுங்களே தம்பி. தட்டிப் பாத்ததை எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்."